முதல் அரை மணி நேரத்தில் பொறுப்பெடுப்பது யார்? தாதிய மாணவர்களுக்கான அனர்த்த ஒத்திகையும் தலைமைத்துவமும்

அனர்த்தம் ஒன்றில் காயமடைந்தவர்கள் வைத்தியசாலை வாசலுக்கு வந்துசேரும்போது, வைத்திய அத்தியட்சகரோ சத்திரசிகிச்சை நிபுணரோ பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இரவு நேரமாகவோ விடுமுறை நாளாகவோ இருந்தால், கடமையில் இருப்பவர்கள் ஒரு வைத்தியர், இரண்டு மூன்று தாதியர்கள், ஒரு சிற்றூழியர், பயிற்சிக்கு வந்த சில மாணவர்கள். காயமடைந்தவர்கள் எல்லோரும் நோயாளர் காவு வண்டியில் வருவதும் இல்லை. முச்சக்கரவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் உறவினர்கள் வருவார்கள்.

அந்த நேரத்தில் யாரை எங்கே கிடத்துவது, யாரை முதலில் பார்ப்பது, யாரை வெளியே காத்திருக்கச் சொல்வது என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். அந்த ஒருவர் பல வேளைகளில் ஒரு தாதியாகவே இருப்பார். சில வேளைகளில் இன்னும் பயிற்சியை முடிக்காத ஒரு மாணவியாகக்கூட இருக்கலாம்.

ஊசி போடுவதையும் காயம் கட்டுவதையும் தாதியர் கல்லூரிகள் நன்றாகவே கற்றுக்கொடுக்கின்றன. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில் நின்று முடிவெடுப்பதைப் புத்தகத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. அதற்காக உருவானதுதான் அனர்த்த ஒத்திகை. தாதிய மாணவர்களுக்கும் அவசர மருத்துவ சேவைப் பயிலுநர்களுக்கும் இது பல நாடுகளில் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. அது எப்படி நடத்தப்படுகிறது, தலைமைத்துவத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு, போரையும் சுனாமியையும் கண்ட எமது பிரதேசங்களில் அதை நடத்தும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

விமானத்திலிருந்து வைத்தியசாலைக்கு

மருத்துவக் கல்வியில் பொம்மைகளைப் பயன்படுத்துவது புதிதல்ல. இதய இயக்க மீட்புப் பயிற்சிக்கான 'ரெசுசி ஆன்' என்ற உருவப் பொம்மையை நோர்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் அஸ்முண்ட் லார்டல் 1960இல் அறிமுகப்படுத்தினார். இன்றும் முதலுதவி வகுப்புகளில் நாம் காணும் பொம்மைகள் அதன் வழிவந்தவையே. ஆனால் அவை கைத்திறனைப் பழக்குவதற்கு உருவானவை. குழுவாக முடிவெடுப்பதைப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் விமானத் துறையிலிருந்து வந்தது.

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 10 பேர் உயிரிழந்தனர். இறங்கு சக்கரத்தில் ஏற்பட்ட கோளாறை ஆராய்வதில் தலைமை விமானி மூழ்கியிருந்தார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். அதை அவர்கள் அவருக்கு உறைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. எரிபொருள் முழுவதும் தீர்ந்து விமானம் விழுந்தது. இதன் பின்னரே, தலைமை விமானி சொல்வதைக் கேட்பது மட்டும் போதாது, தேவையான நேரத்தில் அவரிடம் எடுத்துச் சொல்லவும் பழக வேண்டும் என்று விமானப் பணியாளர்களுக்குக் குழுப்பயிற்சி ஆரம்பமானது.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மயக்கமருந்து நிபுணர் டேவிட் கபாவும் அவரது சகாக்களும் 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்த முறையைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுவந்தனர். செயற்கையாக ஒரு நெருக்கடியை உருவாக்கி, குழு என்ன செய்கிறது என்பதை ஒளிப்பதிவு செய்து, பின்னர் எல்லோரும் சேர்ந்து பார்த்துக் கதைக்கும் முறை அது. இன்றைய அனர்த்த ஒத்திகைகள் பலவற்றின் அடிப்படை இதுவே.

நான்கு வகை ஒத்திகைகள்

ஒத்திகை என்றதும் சைரன், சிவப்புச் சாயம், அங்குமிங்கும் ஓடும் ஆட்கள் என்ற காட்சியே பலருக்கு நினைவுக்கு வரும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஒத்திகைக் கைந்நூல் நான்கு வகைகளைக் குறிப்பிடுகிறது.

முதலாவது, மேசை ஒத்திகை. எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, கொடுக்கப்பட்ட சம்பவத்தில் யார் என்ன செய்வார்கள் என்று வாய்மொழியாகக் கதைப்பார்கள். ஒரு வரைபடமும் சில அட்டைகளும் இருந்தால் போதும்.

இரண்டாவது, தனிச்செயற் பயிற்சி. ஒரு வேலையை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வது. ஒரு விடுதியிலுள்ள நோயாளர்களை எத்தனை நிமிடத்தில் வெளியேற்றலாம் என்று பார்ப்பது இந்த வகை.

மூன்றாவது, செயற்பாட்டு ஒத்திகை. உண்மையான நோயாளர் நடமாட்டம் இல்லாமல், கட்டளை நிலையமும் தொடர்பாடலும் மட்டும் உண்மை போல இயங்கும்.

நான்காவது, முழு அளவிலான கள ஒத்திகை. நடிக்கும் காயக்காரர்கள், வாகனங்கள், பொலிஸார், தீயணைப்புப் பிரிவினர் எல்லோரும் பங்கேற்பார்கள். செலவும் ஆயத்தமும் மிக அதிகம்.

பல நிறுவனங்கள் நான்காவதை மட்டுமே ஒத்திகை என்று எண்ணி, அதற்குப் பணம் இல்லை என்று ஒன்றுமே செய்யாமல் விடுகின்றன. மேசை ஒத்திகையிலிருந்து படிப்படியாக மேலே செல்வதே சரியான வழி. தலைமைத்துவத்தைப் பழக முதல் வகையே போதிய இடம் தருகிறது.

வகைபிரித்தல்: முதல் கடினமான முடிவு

அனர்த்த ஒத்திகையில் மாணவர்கள் முதலில் சந்திப்பது 'ட்ரையாஜ்' என்று வைத்தியசாலைகளில் சொல்லப்படும் வகைபிரித்தல். சாதாரண நாளில், அதிகம் பாதிக்கப்பட்டவருக்கு எல்லா வளங்களையும் கொடுத்துக் காப்பாற்ற முயல்வோம். வளங்களைவிடக் காயமடைந்தவர்கள் அதிகமாகும் நாளில், கூடுதலானோரைக் காப்பாற்றுவது எப்படி என்பதே கேள்வியாகிறது.

பரவலாகப் பயன்படுவது 'ஸ்டார்ட்' முறை. கலிபோர்னியாவில் ஒரு வைத்தியசாலையும் தீயணைப்புப் பிரிவும் சேர்ந்து 1980களில் உருவாக்கியது. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரமே செலவிடப்படும்.

நடக்கக்கூடியவர்களை முதலில் ஒரு பக்கமாகப் போகச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பச்சை அட்டை. எஞ்சியவர்களில் மூச்சு இல்லாதவருக்குச் சுவாசப் பாதையைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டினால் சிவப்பு. மணிக்கட்டில் நாடித்துடிப்பு இல்லாவிட்டால், அல்லது நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுத்தால் சிவப்பு. 'கையைப் பொத்துங்கோ' போன்ற எளிய சொல்லை விளங்கிச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. இவற்றில் எதுவும் இல்லாமல், நடக்க மட்டும் முடியாதவருக்கு மஞ்சள். இந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய சிகிச்சை இரண்டுதான்: சுவாசப் பாதையைத் திறப்பது, பெருகும் இரத்தத்தை நிறுத்துவது. சிறுவர்களுக்கு இதன் திருத்திய வடிவம் ஒன்று தனியாக உண்டு.

படிகள் எளியவை. ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்யலாம். கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்வதுதான் கடினம். ஒத்திகைகளில் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. நடிப்பு என்று தெரிந்திருந்தும் ஒருவரிடமே நின்றுவிடுவார்கள். அப்படி நின்ற நேரத்தில் சுவாசிக்கச் சிரமப்படும் இன்னொருவர் பார்க்கப்படாமல் கிடப்பார். அதை ஒத்திகையில் கண்டுகொள்வது, உண்மையான நாளில் கண்டுகொள்வதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தலைமைத்துவம் என்று எதைச் சொல்கிறோம்?

தலைமைத்துவம் என்றதும் எமக்குப் பதவி நினைவுக்கு வருகிறது. அனர்த்த ஒத்திகை பழக்கும் தலைமைத்துவம் கண்ணால் காணக்கூடிய சில செயல்களால் ஆனது. அவற்றை அவதானித்து மதிப்பிடலாம், திருத்தலாம்.

பொறுப்பெடுப்பதை வாய்விட்டுச் சொல்வது முதலாவது. 'பெரியவர் வரும்வரைக்கும் நான் பொறுப்பெடுக்கிறன்' என்று ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அதை யாரும் சொல்லாத குழுவில் ஒரே வேலையை மூவர் செய்வார்கள், இன்னொரு வேலையை ஒருவரும் செய்யமாட்டார்கள்.

கைகளை வெறுமையாக வைத்திருப்பது இரண்டாவது. பொறுப்பெடுத்தவர் தானே காயம் கட்டத் தொடங்கினால் முழு அறையையும் பார்க்க ஆள் இல்லை. நல்ல தாதி ஒருவருக்கு இது மிகவும் கடினம். அவருடைய கை தானாகவே வேலைக்குப் போய்விடும்.

பெயர் சொல்லிக் கேட்பது மூன்றாவது. 'யாராவது ஒட்சிசன் கொண்டுவாங்கோ' என்றால் எல்லோரும் மற்றவரைப் பார்ப்பார்கள். ஒருவரின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடித்ததும் முடிந்தது என்று அறிவிக்க வேண்டும்.

சுருக்கமாகவும் ஒழுங்காகவும் தகவல் கொடுப்பது நான்காவது. இதற்கு 'எஸ்பார்' என்ற நான்கு படி முறை உண்டு: இப்போதைய நிலை, பின்னணி, நான் நினைப்பது, நான் கேட்பது. 'சேர், 40 வயது ஆணுக்கு இரத்த அழுத்தம் குறைஞ்சுகொண்டு போகுது. பஸ் விபத்தில வந்தவர், வயிற்றில அடி. உள்ளுக்குள்ள இரத்தம் கசியுது என்று நினைக்கிறன். நீங்கள் இப்பவே வந்து பார்க்கவேணும்.' அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. சம்பவ இடத்திலிருந்து தகவல் அனுப்புபவர்களுக்கு 'மீத்தேன்' என்ற ஏழு அம்ச முறை உண்டு. பெரும் அனர்த்தம் என்ற அறிவிப்பு, சரியான இடம், சம்பவத்தின் தன்மை, அங்குள்ள ஆபத்துகள், சென்றடையும் பாதை, காயமடைந்தோர் தொகை, தேவைப்படும் சேவைகள் ஆகிய ஏழையும் அதே ஒழுங்கில் சொல்ல வேண்டும்.

மேலிருப்பவரிடம் எடுத்துச் சொல்வது ஐந்தாவது. எமது சூழலில் மிகக் கடினமானது இதுதான். வயதிலும் பதவியிலும் பெரியவர் பிழை விடுவதைக் கண்டாலும் மரியாதை கருதி மௌனமாக இருக்கவே எமது பிள்ளைகள் வீட்டிலும் பாடசாலையிலும் பழகியிருக்கிறார்கள். போர்ட்லண்ட் விமானத்தில் நடந்தது எந்த விடுதியிலும் நடக்கலாம். மரியாதையைக் கைவிடாமலே படிப்படியாக அழுத்திச் சொல்லப் பழகலாம். முதலில் 'எனக்கு யோசனையா இருக்கு, சேர்'. அதற்கும் பதில் இல்லாவிட்டால் 'இது நோயாளிக்கு ஆபத்து, சேர். ஒருக்கா நிப்பாட்டுங்கோ'. இந்த வசனங்களை வாய் முன்கூட்டியே பழகியிருந்தால் மட்டுமே நெருக்கடியில் அவை வெளியே வரும்.

ஒத்திகை நாள் எப்படி நடக்கும்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஏ9 வீதியில் பயணிகள் பஸ்ஸும் டிப்பர் வாகனமும் மோதுகின்றன. 24 பேர் காயம். முதலாம் வருட மாணவர்கள் காயமடைந்தவர்களாக நடிக்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கும். மூச்சு வேகம், நாடித்துடிப்பு, என்ன சொல்லிப் புலம்ப வேண்டும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். மூன்றாம் வருட மாணவர்கள் பொறுப்பெடுக்க வேண்டியவர்கள். அவர்களில் ஒருவர் கட்டளைப் பொறுப்பு, ஒருவர் வகைபிரித்தல், ஒருவர் தொடர்பாடல், ஒருவர் படுக்கைகளும் மருந்துகளும். அவதானிப்பாளர்கள் கையில் நேரக்கணிப்பும் குறிப்புத்தாளும் இருக்கும்.

தொடங்கிய பின்னர், நடத்துபவர்கள் இடையிடையே புதிய சிக்கல்களை உள்ளே விடுவார்கள். மின்சாரம் தடைப்படும். ஓர் உறவினர் விடுதிக்குள் புகுந்து சத்தமிடுவார். ஊடகவியலாளர் ஒருவர் இறந்தோர் தொகையைக் கேட்டு அழைப்பார். பெயர் சொல்லத் தெரியாத சிறுவன் ஒருவன் தனியே நிற்பான். நல்ல ஒத்திகைகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஒரு சிக்கல், பொறுப்பிலிருக்கும் மாணவரை இடைநடுவில் வெளியே அழைத்துவிடுவது. அவர் போகும்போது பொறுப்பை யாரிடமாவது சொல்லிக் கையளிக்கிறாரா, அடுத்தவர் அதை எடுக்கிறாரா என்பதே அங்கு பார்க்கப்படுவது. ஒருவர் விலகியவுடன் குழு கலைந்துபோனால், ஒத்திகை காட்டித்தர வேண்டியதைக் காட்டித் தந்துவிட்டது.

தொலைபேசியிலோ வானொலிக் கருவியிலோ அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் 'ஒத்திகை, ஒத்திகை' என்று தொடங்க வேண்டும். நடுவில் யாருக்கேனும் உண்மையாகவே உடல்நலம் பாதிக்கப்பட்டால், உடனே நிறுத்துவதற்கு முன்கூட்டியே தீர்மானித்த ஒரு சொல்லும் இருக்க வேண்டும்.

கற்றல் நடப்பது மீளாய்வில்

20 நிமிட ஒத்திகைக்குப் பின் குறைந்தது அதேயளவு நேரம், முடிந்தால் இருமடங்கு நேரம், எல்லோரும் வட்டமாக அமர்ந்து கதைக்க வேண்டும். அதைச் செய்யாமல் தேநீர் கொடுத்துக் கலைந்தால் அது வெறும் நாடகம்.

மீளாய்வு வழக்கமாக மூன்று கட்டங்களாக நடக்கும். முதலில் பங்கேற்றவர்கள் தமக்கு எப்படி இருந்தது என்று சொல்வார்கள். அடுத்து, நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வார்கள். இறுதியில், அடுத்த முறை எதை மாற்றப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். இதை நடத்துபவரின் கேள்வியில்தான் எல்லாம் தங்கியுள்ளது. 'ஏன் இப்படிப் பிழை விட்டனீர்?' என்றால் மாணவி வாயை மூடிக்கொள்வார். 'நீர் அந்த நோயாளியிடம் நான்கு நிமிடம் நின்றதைப் பார்த்தேன். அப்போது உமது மனதில் என்ன ஓடியது?' என்றால் கதைக்கத் தொடங்குவார். ஒத்திகையில் விடும் பிழைக்குப் புள்ளி குறைப்பதும் மற்றவர்கள் முன்னிலையில் கேலி செய்வதும் இதன் பயனையே அழித்துவிடும்.

போரை நினைவில் வைத்துக் கட்டிய வைத்தியசாலை

ஜப்பானின் அனுபவத்தை எமது வாசகர்கள் அறிந்திருப்பது பயனுள்ளது. 1945 மார்ச்சில் டோக்கியோ மீது நடந்த விமானக் குண்டுவீச்சின்போது சென் லூக்ஸ் வைத்தியசாலையில் இளம் வைத்தியராக இருந்தவர் சிகேயாகி ஹினோஹாரா. எரிகாயங்களோடு வந்தவர்களைக் கிடத்த இடமும் இல்லை, கொடுக்க மருந்தும் இல்லை என்ற நிலையை அவர் கண்டார். பல பத்தாண்டுகளுக்குப் பின் அதே வைத்தியசாலைக்குத் தலைமை தாங்கியபோது, 1992இல் திறந்த புதிய கட்டடத்தில் நடைபாதைச் சுவர்களிலும் தேவாலய மண்டபத்திலும் ஒட்சிசன் குழாய் இணைப்புகளை அமைக்கச் செய்தார். இவ்வளவு தேவையா என்று விமர்சனங்கள் எழுந்தன.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தது. அன்று மட்டும் 640 பேர் அந்த வைத்தியசாலைக்கு வந்தனர். நடைபாதைகளும் தேவாலயமும் விடுதிகளாக மாறின. அதேவேளை, வந்தவர்களின் உடைகளிலிருந்த நஞ்சு நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் பாதித்தது. காற்றோட்டம் குறைந்த தேவாலயத்தில் வேலை செய்தவர்களிடையே பாதிப்பு அதிகம். நோயாளரை உள்ளே எடுக்குமுன் உடைகளை அகற்றிக் கழுவுவதை ஜப்பானிய வைத்தியசாலைகள் இதன் பின்னரே தீவிரமாகப் பழகின.

அதே ஆண்டு ஜனவரி 17 அன்று கோபே நகரைத் தாக்கிய பூகம்பத்தில் 6,400இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். வழமையான அவசர சிகிச்சை கிடைத்திருந்தால் அவர்களில் சுமார் 500 பேர் பிழைத்திருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. 1998இல் ஜப்பானில் அனர்த்தத் தாதியியலுக்கென்று ஒரு கல்விச் சங்கம் உருவானது. 2005இல் அனர்த்த மருத்துவக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 2014இல் ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, அனர்த்தக் காலத்தில் தலைமை வகிக்கக்கூடிய தாதியரை உருவாக்கும் ஐந்தாண்டு முதுநிலைக் கற்கையைத் தொடங்கின. சர்வதேசத் தாதியர் பேரவையும் அனர்த்தத் தாதியியலுக்கான தகைமைச் சட்டகம் ஒன்றை 2009இல் வெளியிட்டு 2019இல் புதுப்பித்தது.

அமெரிக்காவின் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் 2013 ஏப்ரல் 15 அன்று குண்டுகள் வெடித்து மூவர் அங்கேயே இறந்தனர், 260இற்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். உயிரோடு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அனைவரும் பிழைத்தனர். அந்நகர வைத்தியசாலைகள் முந்தைய ஆண்டுகளில் கூட்டு ஒத்திகைகளில் ஈடுபட்டிருந்தன. பெரிய சிகிச்சை நிலையங்கள் பல அருகருகே இருந்ததும், பணிமாற்ற நேரமாக இருந்ததால் ஊழியர்கள் இருமடங்காக இருந்ததும் உதவின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எமது பிரதேசங்களின் அனுபவம்

2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மிக அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். அதன் பின்னரே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் 117 என்ற அவசர இலக்கமும் வந்தன. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கு வந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது காயமடைந்தவர்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒரேயடியாக வந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600இற்கும் மேற்பட்டோரைப் பலியெடுத்தது. மலையகத்தில் மண்சரிவும் வடக்கில் வெள்ளமும் வீதிகளைத் துண்டித்தன.

இவற்றுக்கு நடுவே 2009 இருக்கிறது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை அவ்வாண்டு ஜனவரி இறுதியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் திரும்பத் திரும்ப எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளானதை, ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்துள்ளது. பின்னர் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக இடங்களில், மருந்து இல்லாத நிலையில், சில வைத்தியர்களும் தாதியர்களும் பயிற்சி முடிக்காத தொண்டர்களும் வேலை செய்தார்கள். சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் முதலில் யாரை ஏற்றுவது என்று கரையில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பாடநூல்கள் வகைபிரித்தல் என்று சொல்வது அதையேதான். வைத்தியசாலைகள் தாக்கப்படக்கூடாது என்பது சர்வதேச மனிதாபிமானச் சட்டம். எந்த ஒத்திகையும் அந்தச் சட்டத்தை மீறியதற்கான பொறுப்புக்கூறலுக்கு மாற்றாகாது. ஆனால் அந்நாட்களில் அந்த ஊழியர்கள் எடுத்த முடிவுகளிலிருந்து அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மனவடு உள்ள சமூகத்தில் ஒத்திகை

பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் எமது சமூகத்தின் கூட்டு மனவடு பற்றி நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார்கள். ஒத்திகையை நடத்துபவர்கள் அதைக் கவனத்தில் கொள்ளவேண்டும். இன்றைய தாதிய மாணவர்கள் சிலர் 2009இல் சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். மற்றவர்களின் பெற்றோர் அதைக் கடந்து வந்தவர்கள்.

ஆகவே சில விதிகள் இன்றியமையாதவை. ஒத்திகை நடக்கும் நாளும் நேரமும் அயலவர்களுக்கும் விடுதி நோயாளர்களுக்கும் முன்கூட்டியே தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சைரன் ஒலிக்கக்கூடாது. வெடிச்சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவது வேண்டாம். குண்டுவெடிப்பைவிட பஸ் விபத்து, வெள்ளம், தீ போன்ற சம்பவங்களோடு தொடங்குவது நல்லது. என்ன காட்டப்படும் என்பது மாணவர்களுக்கு முதலே சொல்லப்பட வேண்டும். காரணம் சொல்லாமலே ஒருவர் விலகி, அவதானிப்பாளராக இருக்க உரிமை இருக்க வேண்டும். உளவளத்துணையாளர் ஒருவர் அன்றைய நாள் முழுவதும் அங்கிருக்க வேண்டும். பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற உள முதலுதவியின் மூன்று படிகளையும் ஒத்திகையின் பகுதியாகவே பழக்கலாம். தனியே நிற்கும் சிறுவனையும் உறவினரைத் தேடும் தாயையும் கவனிப்பதற்கு ஒருவரை நியமிப்பதும் தலைமைத்துவ முடிவுதான்.

மொழியும் ஒத்திகையில் சேர வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளியும் சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியரும் சந்திக்கும் கட்டத்தில், இடையில் நின்று தகவலைச் சரியாகக் கடத்துபவர் பெரும்பாலும் தாதியே.

குறைந்த செலவில் எங்கே தொடங்கலாம்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாதியியல் பட்டக் கற்கைகள் உள்ளன. சுகாதார அமைச்சின் கீழ் தாதியர் கல்லூரிகளும் இயங்குகின்றன. விலை உயர்ந்த கணினிப் பொம்மைகள் இல்லாமலே இவை தொடங்கலாம்.

நான்கு நிறக் கடதாசியில் அட்டைகள் வெட்டி, 20 நோயாளர் விபரங்களை எழுதி வகைபிரித்தலைப் பழகலாம். வைத்தியசாலையின் வரைபடத்தை மேசையில் விரித்து, வெள்ளத்தில் எந்த விடுதி முதலில் மூழ்கும், மின்பிறப்பாக்கி எங்கே இருக்கிறது, நோயாளரை எந்த வழியால் எடுப்பது என்று கதைக்கலாம். அவசர மருத்துவப் பயிலுநர்களையும் மருத்துவபீட மாணவர்களையும் அதே மேசையில் இருத்தலாம். தனித்தனியே பழகியவர்கள் உண்மையான நாளில் முதன்முறையாகச் சந்திப்பது நல்லதல்ல. வருடத்துக்கு ஒரு பெரிய ஒத்திகையைவிட, இரண்டு மாதத்துக்கு ஒரு சிறிய ஒத்திகை பயனுள்ளது. பழகிய திறன்கள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும்.

இதன் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். ஒத்திகைக்குப் பின் மாணவர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றிற் பல, ஒத்திகை முடிந்த கையோடு மாணவர்களே தம்மைப் பற்றிச் சொன்னவற்றை வைத்து அளந்தவை. தன்னம்பிக்கையும் திறமையும் ஒன்றல்ல. ஆளணியும் மருந்தும் வாகனமும் இல்லாத வைத்தியசாலையை ஒத்திகை மட்டும் காப்பாற்றிவிடாது. ஒத்திகையில் தெரியவந்த குறைகளை எழுத்தில் மேலிடத்துக்கு அனுப்பி, அவை நிவர்த்திசெய்யப்பட்டனவா என்று அடுத்த ஒத்திகையில் பார்க்காவிட்டால் அவை அப்படியே இருக்கும்.

இன்னொரு வேலையைத் தள்ளிப்போட முடியாது. சுனாமியின்போது 30 வயதில் கடமையிலிருந்த ஒரு தாதிக்கு இப்போது 50 வயது கடந்துவிட்டது. போர்க்காலத்தில் மின்சாரமும் மயக்கமருந்தும் இல்லாமல் வேலை செய்தவர்கள் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், மற்றவர்கள் ஓய்வை நெருங்குகிறார்கள். எந்த இடத்தில் திகைத்தார்கள், எதைக் கொண்டு சமாளித்தார்கள், யார் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள் என்பவை அவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. விருப்பமுள்ளவர்களிடம், அவர்களின் பாதுகாப்பையும் பெயர் மறைப்பையும் உறுதிப்படுத்தி, அவற்றைக் கேட்டு எழுதி ஒத்திகைக்கான சம்பவங்களாக மாற்றலாம். மீளாய்வு வட்டத்தில் அவர்களையும் ஒரு கதிரையில் அமரச் சொல்லலாம். ஒரு தாதியர் கல்லூரி வரும் தவணையிலேயே இதைத் தொடங்க முடியும்.